‘நோயாளி மறுத்துவிட்டார்’ என்று நான் எழுதிய வரி

எங்கள் இதயப் பிரிவில் ஸ்கிரீனிங் லாக் என்று ஒரு நோட்டு உண்டு. மருந்து ஆய்வு நடக்கும்போது, அதற்குப் பொருந்துவார் என்று தோன்றும் ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் ஒரு வரி எழுத வேண்டும். வயது என்ன, ஆணா பெண்ணா, சேர்ந்தாரா, சேரவில்லையென்றால் ஏன். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புவதுதான் என் வேலையிலேயே சுலபமானது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்மசி படித்துவிட்டு, கொங்குப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் கிளினிக்கல் டிரையல் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளிகள் அவரவர் வசதிக்கு ‘சிஸ்டர்’ என்றோ ‘பேப்பர் மேடம்’ என்றோ கூப்பிடுவார்கள்.

ஒருமுறை 68 வயது அம்மா ஒருவர், இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார், ஒரு வாரத்தில் தேறிவிட்டார். ஆய்வுக்கு எல்லா விதத்திலும் பொருந்தினார். ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். ரெண்டு வரி சொல்வதற்குள் மகன் குறுக்கிட்டார்: “அதெல்லாம் வேண்டாங்க மேடம், அம்மாவுக்கு ஒண்ணும் புரியாதுங்க.” நல்ல மகன்தான், ராத்திரியெல்லாம் வராந்தா பெஞ்சில் படுத்துப் பார்த்துக்கொண்டவர். சரிங்க என்று திரும்பி வந்து, லாக்கில் ‘நோயாளி மறுத்துவிட்டார்’ என்று எழுதி மூடினேன். மறுநாள் எக்கோ அறை வாசலில் சக்கர நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணு, நேத்து ஏதோ பேப்பர் கொண்டாந்தியே, அது என்னத்துக்கு?”

அன்று சாயங்காலம் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆண்கள் சேராததற்குக் காரணங்கள் விதவிதமாக இருந்தன: கிரியாட்டினின் அதிகம் (சிறுநீரகம் சரியில்லை), லாரிக்குப் போக வேண்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றார், ஊசிக்குப் பயம். பெண்கள் பக்கம் திரும்பத் திரும்ப அந்த ஒரே வரி, என் கையெழுத்தில்.

எங்கள் வார்டோடு முடிகிற கதையும் இல்லை இது. அமெரிக்காவில் 1960களில் தொடங்கிய கரோனரி டிரக் ப்ராஜெக்ட் என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 8,341 பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். அதில் சோதித்த மருந்துகளில் ஒன்று எது தெரியுமா? ஈஸ்ட்ரோஜன். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை மாரடைப்பு குறைவாக வருகிறதே, அந்த ஹார்மோன்தான் காப்பாற்றுகிறதோ என்று ஒரு யூகம். சரி, அப்படியானால் பெண்களுக்குக் கொடுத்தல்லவா பார்த்திருக்க வேண்டும்? ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நன்மையைவிடத் தொல்லை அதிகமாகத் தெரிந்ததும் பாதியில் நிறுத்தினார்கள். இதய நோயுள்ள பெண்களிடம் அதே யூகத்தைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 1998இல்தான் வந்தது. 2,763 பெண்கள், பலன் இல்லை. அதற்குள் எத்தனையோ பெண்களுக்கு ‘இதயத்துக்கு நல்லது’ என்று சொல்லி அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ஆஸ்பிரின் கதையும் அதேதான். முதல் மாரடைப்பையே ஆஸ்பிரின் தடுக்கும் என்று உலகத்துக்குச் சொன்னது 22,071 ஆண் டாக்டர்களை வைத்து நடந்த ஆய்வு. 1980களின் கடைசியில் முடிவு வந்தது, மாரடைப்பு 44% குறைந்தது. பிறகு 39,876 பெண்களிடம் பத்து வருஷம் பார்த்து 2005இல் வெளியிட்டபோது படமே மாறிப்போயிருந்தது. மொத்தமாகப் பார்த்தால் அவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம்தான் 17% குறைந்திருந்தது, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் மாரடைப்பிலும் பலன் தெரிந்தது. கொடுத்த அளவு ரெண்டு ஆய்விலும் வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இடைப்பட்ட அந்தப் பதினைந்து பதினாறு வருஷம் பெண்களுக்கு எழுதிய சீட்டெல்லாம் ஆண்களின் கணக்கை வைத்து எழுதியதுதான்.

பெண்களை ஒதுக்கியதற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது, அதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த பயம் எல்லோரையும் பிடித்திருந்தது. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பெண்களை ஆரம்பக்கட்ட ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல் அதை மாற்றிக்கொண்டார்கள், அதே வருஷம் அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெண்கள் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமும் வந்தது. சட்டம் வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. 2010 முதல் 2017 வரை நடந்த 740 இதய, ரத்தநாள ஆய்வுகளை மொத்தமாக எண்ணிப் பார்த்தவர்கள் பெண்கள் 38% என்கிறார்கள். கேட்க மோசமில்லை என்று தோன்றும். ஆனால் ரத்தக் கொதிப்பு ஆய்வுகளில் ஓரளவு சரியாக இருக்கும் எண்ணிக்கை, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு என்று வரும்போது சரிந்துவிடுகிறது. இதயச் செயலிழப்புக்கு இப்போது எங்கள் ஓபியில் தினமும் எழுதப்படும் சாக்குபிட்ரில்–வல்சார்டன் மாத்திரைக்கு வழிவிட்ட பெரிய ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், பெண்கள் ஐந்தில் ஒருவரைவிடச் சற்றே அதிகம்.

குறைவாக இருந்தால் என்ன, மருந்து மருந்துதானே என்று என்னிடம் ஒரு இளம் டாக்டரே கேட்டார். பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்தான டிகாக்ஸினை எடுத்துக்கொள்வோம். 6,800 பேர் இருந்த ஆய்வு, 1997இல் முடிவு வந்தது: உயிரிழப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் படுப்பது குறைகிறது. நல்லது என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து வேறு சிலர் அதே தரவில் பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, டிகாக்ஸின் சாப்பிட்ட பெண்களில் 33.1% பேரும் வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்களில் 28.9% பேரும் இறந்திருந்தார்கள். ரத்தத்தில் மருந்து அளவு கூடிப்போனதுதான் காரணமோ என்று விவாதம் நடந்தது. உடம்பு சிறியது, சிறுநீரகம் வெளியேற்றும் வேகம் வேறு, ஆனால் மாத்திரை ஒன்றுதான். 2019இல் ஐரோப்பாவில் இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்தவர்கள், வழிகாட்டி நெறிமுறை சொல்லும் அளவில் ஏறக்குறைய பாதியிலேயே பெண்களுக்கு அதிகபட்சப் பலன் கிடைத்துவிடுவதாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை உடைத்துப் பாதி போட்டுக்கொள்ளாதீர்கள். அது கூர்ந்து பார்த்ததில் கிடைத்த தகவல்தான், நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிக் குழுக்களாகப் பிரித்து நிரூபித்தது இல்லை. கேள்வியை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.)

2025இல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. மாரடைப்பு வந்து, ஆனால் இதயம் பம்ப் செய்வது பெரிதாகக் குறையாத 8,505 பேர். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தால் அவர்களுக்குப் பலன் தெரியவில்லை. பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு அதிகமாக வந்திருந்தது. உண்மையா, தற்செயலா? பெண்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லாததால் அதை அடித்துச் சொல்லவும் முடியவில்லை. இதைத்தான் அந்த இளம் டாக்டருக்கும் சொன்னேன். எண்ணிக்கை குறைவாக இருந்தால் கெட்டது நடந்தாலும் கண்ணில் படாது, பட்டாலும் சப்-குரூப், அதாவது சின்னப் பிரிவின் கணக்குதானே என்று ஒதுக்கிவிடலாம்.

சரி, ஆய்வில் சேராத பெண்கள் எங்கே போகிறார்கள்? கொஞ்சம் பேர் யாரைச் சேர்க்கலாம் என்ற ஆய்வு விதிகளிலேயே கழன்றுவிடுகிறார்கள். 52 நாடுகளில் எடுத்த கணக்கில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் ஒன்பது வருஷம் தள்ளி வருகிறது. அந்த வயதில் கூடவே சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முட்டிவலி எல்லாம் இருக்கும். ‘75 வயதுக்குள், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும்’ என்று எங்கோ உட்கார்ந்து ஒருவர் எழுதும்போது யாரையும் ஒதுக்குவதாக அவருக்குத் தோன்றுவதில்லை. அப்புறம், ஸ்டென்ட் சம்பந்தப்பட்ட ஆய்வுகளுக்கு நாங்கள் ஆள் எடுப்பது ஆஞ்சியோ செய்யும் அறையான கேத் லேபில். நெஞ்சு கரிக்கிறது, முதுகு பிடிக்கிறது என்று சொன்ன பெண்ணுக்கு வாயு என்று சீரகத் தண்ணியும் இஞ்சி மரப்பாவும் கொடுத்து, ரெண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்து, பிறகு கொண்டுவந்தால் அவர் கேத் லேபுக்கே போவதில்லை. லாக்கில் அவர் பெயர் ஏறவே இல்லை, மறுப்பதற்குக்கூட.

மிச்சமிருப்பவர்களிடம் வந்தால் முதலில் போன் நம்பர். கேஸ் ஷீட்டில் இருப்பது மகன் நம்பர், இல்லையென்றால் மருமகன் நம்பர். நான் மாதம் ஒருமுறை கூப்பிட்டு மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று கேட்க வேண்டும். திருப்பூரில் கம்பெனியில் நிற்கிற மகன் “நல்லா இருக்காங்க மேடம்” என்று சொல்லி வைத்துவிடுவார். அடுத்தது விசிட். ஆண் நோயாளி வந்தால் மனைவி கூட வருவார், டிபன் பாக்ஸ், பைல், மாத்திரை அட்டை சகிதம். மனைவி நோயாளியாக இருந்தால் அவரைக் கூட்டிவர யாருக்காவது ஒரு நாள் லீவு கிடைக்க வேண்டும். பஸ் காசை ஆய்வே கொடுத்துவிடும், லீவைக் கொடுக்க முடியாது. கடைசியாக ஒப்புதல் படிவம். பதினெட்டுப் பக்கம், தமிழில்தான், ஆனால் அந்தத் தமிழ் எனக்கே ரெண்டு முறை படித்தால்தான் புரியும்.

‘பெண்கள் வரமாட்டார்கள்’ என்று கைவிரிப்பவர்களுக்கு நான் சொல்வது, ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போகும் ருமாட்டிக் வால்வு நோய் பற்றிய ஆய்வை. 24 நாடுகள், நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல், இந்தியாவும் உண்டு, சராசரி வயது 50. சேர்ந்தவர்களில் 72% பெண்கள். 2022இல் வந்த முடிவு பலரையும் ஆச்சரியப்படுத்தியது. புது ரத்தம் உறையா மருந்தைவிட, மாதா மாதம் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டிய பழைய வார்ஃபரின் வகைதான் அவர்களுக்கு உயிர் காத்தது. ஐம்பது வயதுப் பெண்கள், அடுப்படியும் பிள்ளைகளும் உள்ளவர்கள், நடையாய் நடந்து வந்திருக்கிறார்கள். பல மருந்துகளை ஒன்றாக அடக்கிய பாலிபில் மாத்திரையைச் சோதித்து 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 5,713 பேர், கிட்டத்தட்டப் பாதி இந்தியர்கள், பாதிக்கு மேல் பெண்கள். வருவார்கள், அவர்களிடம் போய்க் கேட்டால்.

இப்போது நான் செய்வது சின்ன விஷயம்தான். படிவத்தோடு போனால், வீட்டாரிடம் “பத்து நிமிஷம் டீ குடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரிடமே பேசுகிறேன். இது புது மருந்தா, பழைய மருந்தா, வேண்டாமென்றால் வழக்கமான வைத்தியத்தில் குறை வராது, பாதியில் விலகலாம், ஆய்வால் பாதிப்பு வந்தால் செலவும் நஷ்டஈடும் உண்டு என்பதெல்லாம். அப்புறம் வீட்டார் வந்ததும் அவர்களுக்கும் சொல்கிறேன். அவர்கள் இல்லாமல் யாரும் விசிட்டுக்கு வரப்போவதில்லை, அதுவும் தெரியும். சொந்தமாகப் போன் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அந்த நம்பரை முதலில் எழுதுகிறேன்.

போன மாதம் 61 வயது அம்மா ஒருவரிடம் இப்படி இருபது நிமிஷம் பேசினேன். தறி ஓட்டிப் பழகிய கை, காது கொஞ்சம் மந்தம். நிறையக் கேட்டார்: எத்தனை தடவை ரத்தம் எடுப்பீங்க, எனக்குக் கிடைக்கறது நெஜ மாத்திரையான்னு உனக்காச்சும் தெரியுமா, என்ற பேரு வெளிய வருமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வெளியே நின்றிருந்த மகள்கூட “சேந்துக்கம்மா” என்றாள். அவர் படிவத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்து, “நீ நல்லாத்தான் சொல்ற கண்ணு, எனக்குத்தான் வேண்டாம்” என்றார்.

லாக்கில் அவர் வரிக்கு நேரே எழுதினேன்: நோயாளி மறுத்துவிட்டார்.