பகல் வெயிலை நம்பி பீன்ஸ் ஊன்றாதீர்கள்

மாசி பிறந்தால் போதும், கருகிய பீன்ஸ் செடியைப் படம் எடுத்து அனுப்பி, "சார், இது என்ன நோய்? என்ன மருந்து அடிக்கணும்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மருந்துக்கடையில் ஏற்கெனவே ஏதோ ஒன்றை வாங்கி அடித்தும் இருப்பார்கள். இலை வெந்த கீரை மாதிரி துவண்டு, மறுநாளே கறுத்துக் காய்ந்தால் அது உறைபனி. பாட்டிலில் அதற்கு மருந்து கிடையாது.

"பொங்கல் முடிஞ்சுது, வெயில் சுள்ளுன்னு அடிக்குது, இனிமே எங்க சார் பனி?" நீலகிரித் தோட்டங்களில் முதலில் களையெடுக்க வேண்டியது இந்த நினைப்பைத்தான். பகலில் சுள்ளென்று அடிப்பதற்குக் காரணம் வானத்தில் மேகம் இல்லாதது. அதே மேகம் இல்லாததால்தான் ராத்திரி நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. கூடவே காற்றும் அசையாமல் நின்றால், விடியும்போது புல் வெளுத்துக் கிடக்கும். மதியம் ஸ்வெட்டரைக் கழற்ற வைத்த நாளுக்கு மறுநாள் காலையில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி கிடப்பது சாதாரணம். மேகம் மூடி, சாரலடித்து, நாள் முழுக்க நடுங்க வைக்கிறதே, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அன்றுதான் எல்லோரும் செடியைப் போர்த்துகிறார்கள்! தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி வைத்ததை இன்னும் ஒரு மாதமாவது நம்புங்கள்.

அடுத்தது, "பேப்பர்ல 4 டிகிரின்னுதானே போட்டிருந்தான்?" அந்த 4 டிகிரி, வானிலை நிலையத்தில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் பெட்டிக்குள் எடுத்த கணக்கு. தெளிந்த ராத்திரியில் புல் மட்டத்தில் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறையும். ஊட்டிப் பக்கம் நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனி உச்சத்துக்குப் போய், பிப்ரவரி வரை இழுக்கும். வடகிழக்குப் பருவமழை நீண்டால் தொடக்கம் தள்ளிப்போகும். இது ஊருக்கான தேதி. குளிர்காற்று கனமானது, பள்ளம் பார்த்து இறங்கும். மேட்டுப் பாத்தி தப்பிக்கும் ராத்திரியில் ஓடையோரப் பாத்தி கருகும். கீழ்வரப்பில் அடர்த்தியாக வேலி வைத்திருந்தால் இறங்கும் குளிர் அங்கேயே தேங்கிவிடும், ஓரிடத்தில் திறந்துவிடுங்கள். தாழ்ந்த பாத்தியில் அரையடி உயரத்தில் ஒரு வெப்பமானியை வைத்து இரண்டு மூன்று வருஷம் குறித்து வைத்தால், உங்கள் தோட்டத்துக்கான தேதி கையில் இருக்கும்.

இனி கணக்கு. பனி வரும் முன் எடுக்க வேண்டிய பயிருக்கு நவம்பர் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குத்துச்செடி பீன்ஸ் காய்க்க 60 நாள், பறித்து முடிக்க 20 நாள், ஆக செப்டம்பர் 10க்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். உருளைக்கு 110 நாள் என்றால் ஆகஸ்ட் பாதியைத் தாண்டக் கூடாது. செப்டம்பர் நடுவில் நட்டால் கிழங்கு பருக்கிற நேரத்தில் டிசம்பர்ப் பனி மேலே விழும்.

பனிக்குப் பிறகு நடுவதற்கு எண்ண வேண்டியது முளை மண்ணுக்கு மேல் வரும் நாளை. குளிர்ந்த மண்ணில் உருளை எட்டிப்பார்க்க மூன்று நான்கு வாரம் எடுக்கும். அதனால் ஜனவரிக் கடைசியில் நடலாம். முந்திக்கொண்டு வந்த முளைக்கு மண் அணைத்து மூடுங்கள். பீன்ஸ் பத்து நாளில் தலைகாட்டிவிடும். அதனால் மேட்டில் பிப்ரவரி பாதிக்குப் பிறகு, பள்ளத்தில் மாதம் முடிந்த பிறகு. தக்காளி, மிளகாய், பூசணி, மேரக்காய் (சௌசௌ) எல்லாம் பீன்ஸ் மாதிரியே பனி தாங்காத ஜாதிதான். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், டர்னிப், பூண்டு ஓரளவு தாங்கும். பட்டாணிச் செடி தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது.

போர்த்துவதானால் வெயில் இறங்குவதற்குள், தரை வரை மூடுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், காய்ந்த புல்லும் போதும். பிளாஸ்டிக் ஷீட் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும், குச்சி நட்டு உயர்த்திக் கட்டுங்கள். பலர் வைக்கோலைச் செடிக்கு அடியில் பரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நிலத்தின் சூட்டை அடியிலேயே அடைத்துவிட்டால் இலைக்கு என்ன கிடைக்கும்? பனி மாதத்தில் அதை ஒதுக்கிவிட்டு, பகலிலேயே மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும். ஸ்பிரிங்ளர் போடுபவர்கள் உறையும் முன்பே தொடங்கி, வெயில் வந்து ஐஸ் முழுக்கக் கரையும் வரை நிறுத்தாதீர்கள். பாதியில் மோட்டார் நின்றால் தண்ணீர் விடாமல் இருந்ததைவிட மோசம். அக்டோபருக்குப் பிறகு யூரியா வேண்டாம், தளதளவென்று வந்த தழைதான் முதலில் போகும்.

கருகிவிட்டதா? உடனே கத்தியை எடுக்காதீர்கள். நான்கைந்து நாள் விட்டால் எது வரை உயிர் இருக்கிறது என்று தெரியும். உருளையில் தழை முழுக்கப் போயிருந்தால் தண்ணீரை நிறுத்தி, தோல் முற்ற இரண்டு வாரம் விட்டுத் தோண்டுங்கள்.