கைக்கு எட்டாத பந்தின் கணக்கு

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் பேஸ்பால் பற்றிக் கேட்டிருந்தார்: "டெரெக் ஜீட்டர் 3,465 ஹிட் அடித்தவர். ஓஸி ஸ்மித் ஆட்டவாழ்க்கை முழுக்க அடித்த ஹோம் ரன்னே 28தான். அப்புறம் எப்படி ஸ்மித்தை மேலே வைக்கிறார்கள்?"

பேட்டர் பந்தை அடித்துவிட்டு வரிசையாகத் தொட்டு ஓடவேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டினால் ஹிட்; மைதானத்துக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். இருவரும் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர். வலக்கை பேட்டர் இழுத்தடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் உருளும். அதை அள்ளி, பேட்டர் 90 அடி ஓடி முதல் பேஸைத் தொடுவதற்குள் அங்கே எறிய வேண்டும். கிடைப்பது நான்கு விநாடிக்குச் சற்று மேல்.

ஃபீல்டரை எடைபோட அந்தக் காலத்தில் இருந்தது 'எரர்' எண்ணிக்கை. கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டால் எரர். கைக்கே எட்டாவிட்டால்? பேட்டருக்கு ஹிட், அவ்வளவுதான். நின்ற இடத்தைவிட்டு நகராதவருக்கு எரரே விழாது. நாலெட்டு பாய்ந்து எடுத்து, அவசரத்தில் தாறுமாறாக எறிந்தவர் பெயரில்தான் கறை.

இதை உடைத்த கணக்கு இருக்கிறதே, அதில்தான் எனக்கு அலாதிப் பிரியம். 2015 முதல் மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டி) மைதானங்கள் எல்லாவற்றிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. பந்தை அடைய ஃபீல்டர் எவ்வளவு தூரம் போகவேண்டும், எத்தனை நேரம் இருக்கிறது, அங்கிருந்து பேஸ் எவ்வளவு தொலைவு, ஓடுகிறவர் எத்தனை வேகம் என்று பார்க்கிறது. இதே மாதிரிப் பந்துகளில் முன்பு எத்தனை அவுட் ஆயின? நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். அவுட் ஆக்கினால் ஃபீல்டர் கணக்கில் 0.75 வரவு. விட்டால் 0.25 பற்று. நூற்றுக்கு 95 அவுட் ஆகிற சுலபப் பந்து என்றால் வரவு வெறும் 0.05; விட்டாலோ 0.95 போய்விடும். எட்டாத பந்துக்கும் இங்கே பற்று உண்டு! தாமதமாகக் கிளம்பி, கடைசி நொடியில் டைவ் அடித்துக் கைதட்டல் வாங்கினாலும் வரவு கூடாது.

மிச்சமெல்லாம் பணமாற்று வேலை. ஒரு ஹிட்டை அவுட்டாக மாற்றினால் ஏறக்குறைய முக்கால் ரன் மிச்சம். பேட்டிங்கையும் இதே ரன்னில் அளந்து கூட்டலாம். சுமார் 10 ரன்னுக்கு ஒரு வெற்றி.

ஸ்மித் ஆடியது 1978 முதல் 1996 வரை. அப்போது இந்தக் கேமராக்கள் ஏது? பழைய ஸ்கோர் தாள்களைத் தேடிப்பிடித்துக் கணினியில் ஏற்றிய தன்னார்வலர்களின் உழைப்பை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். (காசு புரளும் விளையாட்டில் அடிப்படைத் தரவைச் சம்பளமில்லாதவர்கள் திரட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சி உலகத்துக்கு இது புதிதல்ல.) பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்குப்படி, சராசரி ஃபீல்டரோடு ஒப்பிட்டால் ஃபீல்டிங்கில் ஸ்மித் 200 ரன்னுக்கு மேல் வரவு, ஜீட்டர் 200க்கு மேல் பற்று. பேட்டிங் முதலான எல்லாவற்றையும் சேர்த்து, சுலபமாகக் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் ஸ்மித்துக்குச் சுமார் 77 வெற்றி கூடுதல், ஜீட்டருக்கு 71. இந்த ஆறு வெற்றி வித்தியாசத்துக்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். பழைய ஃபீல்டிங் மதிப்பீட்டில் அந்த அளவு பிசகு சாதாரணம். ஆனால் ஹிட் பட்டியலை மட்டும் பார்த்து ஸ்மித்தைத் தள்ளிவிட முடியாது.

சிறந்த ஃபீல்டருக்குத் தரும் தங்கக் கையுறை விருது ஜீட்டருக்கும் ஐந்து உண்டு. மேலாளர்களும் பயிற்சியாளர்களும் கண்ணால் பார்த்து ஓட்டுப் போட்ட காலம் அது. 2004 ஜூலை 1 அன்று ஒரு பந்தைப் பிடித்தார். பிடித்த பிறகு, ஓடிய வேகத்தில் பார்வையாளர் இருக்கைக்குள் பாய்ந்து விழுந்து, முகத்தில் ரத்தத்தோடு எழுந்தார். முதல் தங்கக் கையுறை அந்த வருடம்தான்.