வீடியோ இருந்தும் விடுதலை எப்படி? ராட்னி கிங் வழக்கை ஒரு வக்கீலாகப் பார்க்கும்போது

போன மாதம் கலிஃபோர்னியாவிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஜூரி சம்மன் வந்திருக்கு. போகாம இருக்க ஏதாவது வழி இருக்கா?" அங்கே குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது பொதுமக்களிலிருந்து சம்மன் அனுப்பி எடுக்கும் ஒரு குழு, அதுதான் ஜூரி. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு அவனுக்கு வரும் முதல் சம்மன். நான் மதுரையில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன், அந்த ஊர்க் கோர்ட் படி ஏறியதில்லை. ஆனாலும், ஒழுங்காகப் போய் உட்காருடா என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். அதற்கு ராட்னி கிங் வழக்கை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது, அவன் பிறப்பதற்கு முந்தைய கதை.

1991 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். லாஸ் ஏஞ்சலஸில் தறிகெட்டு ஓடிய ஒரு காரைப் போலீஸ் துரத்திப் பிடித்தது. ஓட்டிய ராட்னி கிங் கறுப்பினத்தவர். குடித்திருந்தார், பரோலில் வெளியே இருந்தவர், இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. தரையில் கிடந்த அவர் மேல் லத்தி அடி மட்டும் 50க்கு மேல் விழுந்தது, சுற்றி நின்ற மற்ற போலீஸ்காரர்கள் தடுக்கவில்லை. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஜார்ஜ் ஹாலிடே பால்கனியில் நின்று அதை வீடியோ எடுத்து உள்ளூர் டிவிக்குக் கொடுத்தார். உலகமே பார்த்தது. நான்கு போலீசார் மேல் வழக்கு. 1992 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பில், பவல் என்ற அதிகாரி மீதான ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை, மற்ற எல்லாவற்றிலும் நால்வரும் விடுதலை.

இவ்வளவு தெளிவான வீடியோ இருந்தும் எப்படி என்றுதான் அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஜூரியில் இருந்த 12 பேரைத் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வழக்கு தோற்றது இடமாற்ற உத்தரவிலேயே.

போலீசாரின் வக்கீல்கள் ஒரு மனு போட்டார்கள். இந்த ஊரில் எல்லோரும் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள், இங்கே நியாயமான விசாரணை நடக்காது, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று. மேல் கோர்ட் ஒத்துக்கொண்டது. சட்டப்படி தப்பில்லாத காரணம்தான். சரி, எங்கே மாற்றினார்கள்? பக்கத்திலேயே இருக்கும் வெஞ்சுரா கவுண்டியின் சிமி வேலிக்கு. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அங்கே வீட்டில் ஓடுவதும் அதே லாஸ் ஏஞ்சலஸ் சேனல்கள், அதே வீடியோ. அதாவது எந்தக் காரணத்துக்காக மாற்றச் சொன்னார்களோ அது துளியும் தீரவில்லை, மாறியது ஜனங்கள் மட்டும்தான். ஜூரியை அந்தந்த கவுண்டியில் குடியிருப்பவர்களிலிருந்துதான் எடுப்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அப்போது கறுப்பினத்தவர் 10 சதவீதத்துக்கு மேல், வெஞ்சுராவில் 2 சதவீதத்தை ஒட்டி. போதாததற்கு சிமி வேலி போலீஸ்காரர்கள் நிறையப் பேர் வீடு வாங்கிக் குடியேறிய ஊர். கடைசியில் அமைந்த ஜூரியில் வெள்ளையர் 10 பேர், ஹிஸ்பானியர் ஒருவர், பிலிப்பினோ வம்சாவளி ஒருவர், கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. கறுப்பினத்தவர் என்ற காரணத்துக்காக யாரையும் ஜூரியிலிருந்து கழிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆனால் கூடையிலேயே ஆள் இல்லாதபோது அந்தத் தீர்ப்பு யாரைக் காப்பாற்றும்?

அடுத்தது வீடியோ. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். ஒரு கடைவாசல் அடிதடி வழக்கில் சிசிடிவி பதிவு என் கட்சிக்காரருக்கு எதிராக இருந்தது. அதை ஓடவிட்டுப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது. நான் ஓடவிடவில்லை. நிறுத்தி நிறுத்தி, இந்த நொடியில் அவர் கை எங்கே இருக்கிறது, இந்த நொடியில் அடிபட்டவர் பின்னால் போகிறாரா முன்னால் வருகிறாரா என்று சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன். அரைமணி நேரத்தில் அது அடிதடியாகவே தெரியவில்லை, வெறும் போட்டோக்கள். சிமி வேலியிலும் இதுதான் நடந்தது. ஒவ்வொரு லத்தி வீச்சையும் தனித்தனியாக நிறுத்தி, இதோ காலை அசைக்கிறார், இதோ எழப் பார்க்கிறார், விதிப்படிதான் அடித்திருக்கிறார்கள் என்று போலீஸ் பயிற்சி நிபுணர் ஒருவர் விளக்கினார். இன்னொன்றும் உண்டு. டிவி பெரும்பாலும் வெட்டிவிட்டுக் காட்டிய தொடக்க நொடிகளில் கிங் எழுந்து பவல் இருந்த பக்கம் ஓடுவது தெரியும், அதையும் ஜூரி பார்த்தது. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கிங்கை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. வீடியோவே பேசும் என்று நம்பிவிட்டார்கள். வீடியோ பேசாது, யாராவது அதைப் பேச வைக்க வேண்டும்.

"அப்பீல் போயிருக்கலாமே மாமா?" என்றான் பையன். நம் ஊரில் விடுதலையை எதிர்த்து அரசு அப்பீல் போகலாம், 2009 முதல் பாதிக்கப்பட்டவரும் போகலாம். அங்கே ஜூரி குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது.

தீர்ப்பு வந்த அன்று மாலையே நகரம் எரியத் தொடங்கியது. 60 பேருக்கு மேல் செத்தார்கள், சுமார் 100 கோடி டாலர் சேதம். அதில் ஒரு பெரிய பங்கு கொரியர்களின் கடைகள். தீர்ப்புச் சொன்னதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. கிங் அடிபட்ட அதே மாதம், ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் தகராறில் லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைக் கொரியக் கடைக்காரப் பெண்மணி சுட்டுக் கொன்றார். அங்கே ஜூரி குற்றவாளி என்றுதான் சொன்னது, சிறைத்தண்டனையை நிறுத்தி வைத்து நன்னடத்தையில் விட்டது நீதிபதி. 500 டாலர் அபராதம், சமூக சேவை. அதை மேல் கோர்ட் உறுதி செய்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், அப்புறம் கிங் வழக்கின் இந்தத் தீர்ப்பு.

பிறகு மத்திய அரசு, சிவில் உரிமை மீறல் என்று தனி வழக்குப் போட்டது. இந்த முறை விசாரணை லாஸ் ஏஞ்சலஸிலேயே. ஜூரியில் இரண்டு கறுப்பினத்தவர், கிங்கும் சாட்சி சொன்னார். அதே வீடியோ. 1993 ஏப்ரலில் அந்த நான்கு போலீசாரில் கூன், பவல் இரண்டு பேர் குற்றவாளிகள், தலா 30 மாதம் சிறை.

எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, போறேன்" என்றான். போனை வைப்பதற்கு முன், "அந்த போலீஸ்காரங்களுக்கு நீங்க வக்கீலா இருந்திருந்தா இடமாற்ற மனு போட்டிருப்பீங்களா மாமா?" என்று கேட்டான்.

போட்டிருப்பேன், அதுவும் முதல் வாய்தாவிலேயே.