மிதிக்கும் காலுக்குள் நகரும் கதவுகள்

நீரிழிவு சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்படும்போது, நோய்க்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு உண்டியலோடு சரி என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்த நோய் எங்கே முரண்டு பிடிக்கிறதோ அங்கேயே, ஓட்டுபவரின் தொடைத் தசைக்குள், ஒரு மாற்றுவழி திறந்துகொள்கிறது.

இன்சுலினைச் சாவி என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். எனக்கு அந்த உவமையில் முழுத் திருப்தி இல்லை. சாவிக்காகக் காத்திருக்கும் கதவு எதுவும் செல்லின் சுவரில் இல்லை; கதவே உள்ளே கிடங்கில் கிடக்கிறது. குளூட்-4 என்ற புரதம்தான் அந்தக் கதவு. இன்சுலின் வந்து தொட்டதும், அதைச் சுமந்திருக்கும் நுண்பைகள் நகர்ந்து செல்சவ்வில் கலக்கின்றன. குளுக்கோஸ் உள்ளே நுழைகிறது. முதல் வகை நீரிழிவில் உத்தரவிட இன்சுலினே போதாது. இரண்டாம் வகையில் உத்தரவு வந்தாலும் செல் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெடலை மிதிக்கும் தசையோ அந்த உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சுருக்கத்திலும் தசைக்குள் கால்சியம் பாய்கிறது; செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாவதை மோப்பம் பிடித்து ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இத்தகைய உள்சமிக்ஞைகளே கதவுகளைச் சுவருக்குத் தள்ளிவிடுகின்றன. இன்சுலினுக்கு மசியாத தசையிலும் இந்த வழி பெரும்பாலும் பழுதாவதில்லை.

கதவு திறந்தால் போதுமா, சரக்கு வேண்டாமா? மொத்த இரத்தத்திலும் சேர்த்து உள்ள குளுக்கோஸ் சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவுதான். தசைகளில் கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் ஏறத்தாழ 400 கிராம், கல்லீரலில் 100 கிராம். இதில் தசை படுகஞ்சன்: தன் சேமிப்பை இரத்தத்துக்குத் திருப்பித் தர வேண்டிய நொதியே அதனிடம் இல்லை. இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்கும் சுமை முக்கியமாகக் கல்லீரலின் தலையில் விழுகிறது. நெடும்பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவருக்குச் சிக்கல் இரட்டிப்பாகிறது. உடற்பயிற்சி தொடங்கியதும் ஆரோக்கியமான கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். ஊசியில் ஏற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. இன்சுலினும் மிதித்தலும் சேர்ந்து கதவுகளைத் திறக்க, கல்லீரலின் கையையும் அதே இன்சுலின் கட்டிப்போடுகிறது. சர்க்கரை சரசரவென்று இறங்கும். மருத்துவரிடம் பேசி முன்கூட்டியே இன்சுலின் அளவைக் குறைப்பதும், தோலில் ஒட்டிய சர்க்கரை உணரியைப் பார்த்தபடி ஓட்டுவதும் இதற்காகத்தான். முடியாத காரியமில்லை: டீம் நோவோ நார்டிஸ்க் என்ற தொழில்முறை அணியின் வீரர்கள் அனைவருமே முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள்.

சைக்கிளை மூலையில் சாய்த்த பிறகும் தசை ஓய்வதில்லை. காலியான கிளைகோஜன் கிடங்கை நிரப்ப, ஒரு நாள் வரைகூட இன்சுலினுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செவிசாய்க்கிறது. இரண்டாம் வகைக்காரருக்கு இது லாபம். ஊசி போடுபவரோ தூங்கப் போகுமுன் ஒருமுறை அளந்து பார்க்கிறார்; பின்னிரவில் அலாரம் வைத்து எழுந்து இன்னொரு முறையும்.