மோதல் நடந்தால் வழி யாருடையது?

அமெரிக்காவில் பள்ளிச் சிறுவர்களின் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். ஓடுகிற பிள்ளையும் பந்தெடுக்கிற பிள்ளையும் மோதிக்கொண்டால் பெற்றோர் பக்கமிருந்து முதலில் எழும் குரல், "அவன் வேண்டுமென்று செய்யவில்லையே!" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் தீர்ப்பு அதை வைத்து அமைவதில்லை.

அந்த நொடியில் வழி யாருக்கு உரியது என்றுதான் பார்க்கிறோம். மட்டையில் பட்டு வரும் பந்தை எடுக்க ஃபீல்டர் முனைந்திருந்தால் வழி அவருடையது. ரன்னர் விலகியாக வேண்டும். விலகாவிட்டால் இன்டர்ஃபியரன்ஸ் (குறுக்கீடு), ரன்னர் அவுட். ஃபீல்டரிடம் பந்தும் இல்லை, அதை எடுக்கும் முயற்சியிலும் அவர் இல்லை என்றால் வழி ரன்னருடையது. ஃபீல்டர் தடுத்தால் ஆப்ஸ்ட்ரக்ஷன் (தடை). ஃபீல்டர் எறிந்த பந்தில் ரன்னர் குறுக்கிட்டால் மட்டும் நோக்கத்தைப் பார்ப்போம்.

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2013-இன் மூன்றாவது ஆட்டத்தை, பயிற்சி தருவோர் ஒருமுறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். செயின்ட் லூயிஸ் அணி தன் மைதானத்தில் பாஸ்டனுக்கு எதிராக 4-4, ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதி. ரன் எடுக்க ரன்னர் கடைசியாகத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் செயின்ட் லூயிஸின் மோலினாவை அவுட்டாக்கிய கையோடு, பாஸ்டனின் கேட்சர் சால்டலமாக்கியா அதற்கு முந்தைய தளமான மூன்றாவது பேஸுக்கு எறிந்தார். எறி விலகிப்போனது. அதைப் பிடிக்கப் பாய்ந்த பாஸ்டன் ஃபீல்டர் மிடில்புரூக்ஸ் தரையில் கிடந்தார். பந்து இடது களத்துக்கு ஓடிவிட்டது. மூன்றாவது பேஸிலிருந்து ஹோமை நோக்கிக் கிளம்பிய செயின்ட் லூயிஸ் ரன்னர் ஆலன் கிரெய்க், மிடில்புரூக்ஸ்மேல் இடறி விழுந்தார். மூன்றாவது பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் உடனே ஆப்ஸ்ட்ரக்ஷன் என்று கைகாட்டினார், ஆட்டத்தை நிறுத்தவில்லை. கிரெய்க் ஹோமுக்கு வருவதற்குள் பந்து வந்து, கேட்சர் அவரைத் தொட்டும்விட்டார். ஆனாலும் அந்தத் தடையின் காரணமாக பிளேட் அம்பயர் டேனா டெமுத் 'சேஃப்' (அவுட் இல்லை) கொடுத்தார். செயின்ட் லூயிஸுக்கு 5-4, ஆட்டம் முடிந்தது.

விழுந்து கிடந்தவர் எங்கே போவார் என்று அன்று பலர் கொதித்தார்கள். அவர்மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் பாய்ந்து பந்தைத் தவறவிட்ட ஃபீல்டர் அங்கேயே கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்தினால் அது பெரும்பாலும் ஆப்ஸ்ட்ரக்ஷன்தான் என்று விதிப்புத்தகமே எடுத்துக்காட்டுச் சொல்கிறது. என் மனதுக்கு அது அப்பழுக்கற்ற தீர்ப்பு.

சிறுவர் ஆட்டத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது முதல் பேஸ். பந்து வெளிக்களத்துக்குப் போன பிறகும் அங்கே நிற்கும் பிள்ளை பேஸின் உள்மூலையில் காலை வைத்தபடி வேடிக்கை பார்க்கும். இரண்டாவது பேஸை நோக்கித் திரும்பும் ரன்னர் மிதிக்க வேண்டிய இடமே அந்த மூலைதான். முழங்காலும் கணுக்காலும் அடிபடுவது இப்படித்தான். பந்து உன்னிடம் வரவில்லையென்றால் விலகி நில் என்று முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

ஓடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். டேக்கிலிருந்து, அதாவது ஃபீல்டர் பந்தோடு தொட்டு அவுட்டாக்குவதிலிருந்து, தப்ப மூன்றடிக்கு மேல் விலகினால் அவுட் என்பதைக் கேட்டுவிட்டு, பந்தெடுக்கும் ஃபீல்டர்மேல் நேராகப் போய் மோதுகிறார்கள். அவருக்கு வழிவிட்டுச் சுற்றி ஓடுவதற்கு அந்த விதி பொருந்தாது. தாராளமாகச் சுற்றி ஓடலாம்.

யாராவது தடுத்துவிட்டால் நின்று அம்பயரைப் பார்த்துக் கைவிரிக்க வேண்டாம். தொடர்ந்து ஓட வேண்டும். தடுக்கப்பட்ட அந்த நேரத்தில் அந்த ரன்னரை அவுட்டாக்க யாரும் முயலவில்லையென்றால், தடை இல்லாதிருந்தால் அவர் எந்த பேஸை அடைந்திருப்பார் என்று கணித்து, ஆட்டம் ஓய்ந்தபின் அதைக் கொடுப்போம். அதையும் தாண்டி ஓடினால் அது ரன்னரின் சொந்தப் பொறுப்பு.