ஆடிட்: கணக்கைக் காதால் கேட்ட காலத்துச் சொல்

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர் யாரைக் கேட்டாலும் 'ஆடிட்' என்றால் என்னவென்று சொல்லிவிடுவார். வருடம் முடிந்ததும் ஆடிட்டர் வருவார், ரசீதையும் பேரேட்டையும் ஒத்துப்பார்ப்பார், குறை இருந்தால் எழுதிவைப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பேச்சுவழக்கில் பட்டயக் கணக்கரையே ஆடிட்டர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் இந்தச் சொல் ஒரு நாட்டின் மைய வங்கியோடு சேர்ந்து வரும்போது பொருள் விரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் 'ஆடிட் தி ஃபெட்' என்று பல ஆண்டுகளாக ஒரு முழக்கம் உண்டு. ஃபெட் என்பது அந்த நாட்டு மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். அதை 'ஃபெடரல் ரிசர்வைத் தணிக்கை செய்' என்று தமிழில் எழுதினால், அந்த வங்கியின் கணக்கை இதுவரை யாருமே பார்த்ததில்லை என்று வாசகர் நினைப்பார். உண்மை அப்படி இல்லை. வெளியிலிருந்து ஒரு தணிக்கை நிறுவனம் ஆண்டுதோறும் அதன் நிதிக் கணக்குகளைச் சரிபார்க்கிறது. முழக்கம் கேட்பது அதற்கு மேலான ஒன்றை.

அது என்ன என்பதற்கான குறிப்பு சொல்லின் வேரிலேயே இருக்கிறது. 'கேட்டல்' என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது ஆடிட். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதே குடும்பம். இடைக்கால இங்கிலாந்தில் பெருநிலக்கிழார்களின் சொத்தைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர்கள், வரவு செலவை ஆடிட்டர்கள் முன்னால் வாயால் சொல்லி ஒப்புவிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலம். கணக்கு என்பது பெரும்பாலும் காதுக்கு உரிய விஷயம். 1285ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம், பாக்கி வைத்த காரியக்காரரை ஆடிட்டர்களின் சாட்சியத்தின் பேரில் சிறைக்கு அனுப்பவே வழிசெய்தது. ஆகவே இந்தச் சொல் மூன்று பேரோடு பிறந்தது: பணத்துக்கு உரியவர், அதைக் கையாண்டவர், நடுவில் உட்கார்ந்து கேட்பவர். கையாண்டவர் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் மையம். ஏட்டைப் புரட்டிக் கூட்டல் கழித்தல் பார்க்கும் வேலை ஆடிட்டின் முழுப்பொருளாகத் தெரிவது பிற்காலத்து வழக்கு.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு வழக்கில் ஆடிட்டுக்கு நிலைத்துவிட்ட சொல் தணிக்கை. 'தணி' என்ற தமிழ் வினையிலிருந்து வந்ததுபோல ஒலிக்கிறது. ஆனால் தணிதல், அடங்குதல் என்ற பொருளுக்கும் கணக்குப் பார்ப்பதற்கும் எந்த ஒட்டும் இல்லை. இது அரபு மொழியின் 'தன்கீஹ்' என்ற சொல், பாரசீகம், உருது வழியாக வருவாய்த்துறைக் கச்சேரிகளில் புழங்கித் தமிழ் உருவம் எடுத்தது. வேண்டாததை நறுக்கி ஒழுங்குசெய்வது, திருத்துவது என்பது அங்கே அதன் பொருள். தெலுங்கின் 'தனிகீ', கன்னடத்தின் 'தனிகே' இரண்டும் இதன் உடன்பிறப்புகள். அங்கே சோதனை, விசாரணை என்ற பொருளில் இன்றும் அன்றாடம் புழங்குகின்றன.

வேற்றுமொழிச் சொல் என்பதற்காகத் தணிக்கையை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். என் சங்கடம் வேறு. திரைப்படத்தில் காட்சியை வெட்டுவதற்கும், பத்திரிகையில் செய்தியை நீக்குவதற்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு மைய வங்கியின் வெளிப்படைத்தன்மை பற்றி எழுதும்போது, திறந்து காட்டுவதற்கும் மறைத்து வெட்டுவதற்கும் ஒரே சொல் இருப்பது உண்மையிலேயே குழப்பம். இலங்கைத் தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே தணிக்கை என்றால் செய்தித் தணிக்கை, ஆடிட்டுக்குக் கணக்காய்வு. நாட்டின் தலைமை ஆடிட்டருக்கே 'கணக்காய்வாளர் தலைமை அதிபதி' என்றுதான் அரசுப் பெயர். கணக்கு, ஆய்வு இரண்டும் எல்லோருக்கும் விளங்குகிற சொற்கள். தமிழ்நாட்டிலும் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஆனால் கணக்காய்வு என்ற சொல்லும் ஏட்டோடு நின்றுவிடுகிறது. மைய வங்கியில் சிக்கலே ஏட்டுக்கு அப்பால்தான் ஆரம்பிக்கிறது. 1978இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நாடாளுமன்றத்துக்காக வேலை பார்க்கும் அரசுத் தணிக்கை அமைப்பு ஃபெடரல் ரிசர்வையும் ஆய்வு செய்யலாம் என்றது அது. அப்புறம் விலக்குகளையும் அடுக்கியது: வட்டி விகிதம் உள்ளிட்ட பணக்கொள்கை முடிவுகளுக்குள் நுழையக் கூடாது; வெளிநாட்டு மைய வங்கிகளோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பார்க்கக் கூடாது. 'ஆடிட் தி ஃபெட்' என்று நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ரான் பால் போன்றவர்கள் குரல் கொடுத்தது இந்த விலக்குகளை நீக்கத்தான். 2008 நிதி நெருக்கடியில் ஃபெடரல் ரிசர்வின் அவசரக் கடன் திட்டங்களின் நிலுவை ஒரு டிரில்லியன் டாலரைத் தாண்டியபோது, எந்த வங்கிக்கு எவ்வளவு போனது என்று மக்கள் கேட்டார்கள். 2010 நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி ஒரு முறை மட்டும் அந்தக் கடன்கள் ஆய்வு செய்யப்பட்டு, 2011 ஜூலையில் அறிக்கை வந்தது.

அதற்கு முன்பே நடந்த ஒன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வட்டியைத் தீர்மானிக்கும் குழுவில் யார் என்ன பேசினார்கள் என்பது 1976 முதல் சொல்லுக்குச் சொல் எழுத்தில் இருந்தது. அது அலமாரியில் இருக்கிறது என்பதே 1993இல், ஹென்றி கொன்சாலெஸ் தலைமையிலான நாடாளுமன்றக் குழு துருவியபோதுதான் வெளியே தெரிந்தது. அன்றைய தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இப்போது 5 ஆண்டு கழித்து அவற்றை வெளியிடுகிறார்கள். எந்தக் கணக்குச் சரிபார்ப்பும் இதைக் கொண்டுவந்திருக்காது. பதவியில் இருப்பவரை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுக் கேட்டதால் வந்தது.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வட்டி முடிவுக்குப் பின்னும் அரசியல்வாதிகள் ஆய்வுக்கு ஆள் அனுப்பினால், தேர்தல் நேரத்தில் வட்டியை உயர்த்த எந்தத் தலைவருக்கும் துணிவு வராது. அதனால் முடிவெடுக்கும் உரிமையை வங்கியிடமே விட வேண்டும் என்பதை ஏற்கிறேன். எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்லும் கடமை அதனால் நீங்கிவிடுவதில்லை.

கணக்கைச் சரிபார்ப்பதற்கும் காரணம் கேட்பதற்கும் உள்ள தூரத்தை இந்தியாவில் நன்றாகவே பார்க்கலாம். 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், பிரிவு 50இன்படி அதன் தணிக்கையாளர்களை நியமிப்பது மத்திய அரசு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தாமாக உள்ளே வர முடியாது. மத்திய அரசு விரும்பி நியமித்தால் வரலாம் என்கிறது பிரிவு 51. கணக்கு ஆண்டுதோறும் வெளியாகிறது, எண்கள் சரியாகவே இருக்கின்றன. 2024–25க்கு ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 2,68,590 கோடி ரூபாய். எதிர்பாராத இடர்களுக்காக வைத்திருக்கும் காப்பு நிதியை, வங்கியின் இருப்புநிலைக் குறிப்பின் மொத்த அளவில் 6.5 விழுக்காட்டிலிருந்து 7.5ஆக உயர்த்திய பிறகு மிஞ்சிய தொகை இது. கூட்டல் சரியா என்று ஆடிட்டர் சொல்வார். ஏன் 7.5, ஏன் 6.5 போதவில்லை என்பது கொள்கைக் கேள்வி. அதற்கு ஆடிட்டர் கையெழுத்து பதில் ஆகாது.

2022இல் நடந்ததைப் பாருங்கள். விலைவாசி உயர்வு தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 விழுக்காட்டு உச்சவரம்பைத் தாண்டினால், ஏன் தவறினோம், எப்போது சரியாகும் என்று ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஆண்டு முதல்முறையாக அப்படித் தவறியது. நவம்பர் 3 அன்று பணக்கொள்கைக் குழு இதற்காகவே கூடியது, அறிக்கையும் போனது. ஆனால் மக்களுக்குக் காட்டவில்லை. அதை வெளியிடும் உரிமை தமக்கில்லை என்றார் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ். விலை உயர்வைத் தாங்கியவர்கள் மக்கள். விளக்கம் போனதோ அரசாங்கத்துக்கு மட்டும். இங்கிலாந்தில் இதேபோன்ற நிலை 2007இல் வந்தபோது, மைய வங்கி ஆளுநர் மெர்வின் கிங் நிதியமைச்சருக்கு எழுதிய கடிதம் எல்லோரும் படிக்க வெளியானது. இலங்கையின் 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் இன்னும் நேராகச் சொல்கிறது: இலக்குத் தவறினால் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும், பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்பதை உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வங்கிகளில் நடத்திய சோதனை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, அவை நம்பிக்கையின் பேரில் தரப்பட்டவை என்று ரிசர்வ் வங்கி மறுத்தது. 2015 டிசம்பர் 16 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வங்கி கடமைப்பட்டிருப்பது பொதுமக்களின் நலனுக்கே என்றது.

இந்த விரிந்த பொருளுக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. 'கணக்குக் கேட்டல்' ஏற்கெனவே இருக்கிறது. கேள் என்ற வினைக்குக் காதால் கேட்பது, வாயால் கேட்பது என்று இரண்டு பொருள் இருப்பதால், லத்தீன் வேரில் உள்ளதும் அதற்கு மேலும் இதில் அடங்கிவிடுகிறது. 1972இல் எம்.ஜி.ஆர். கட்சிக்குள் கணக்குக் கேட்டார் என்று சொல்லும்போது, அவர் பேரேட்டைச் சரிபார்த்தார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. மறுபக்கம் 'கணக்குக் காட்டுதல்' இன்னும் பழையது. 10ஆம் நூற்றாண்டுப் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவராக ஒதுக்குகிறது. அது ஒரு பிராமணர் ஊரின் சபை, எல்லோருக்கும் இடமிருந்த அமைப்பு அல்ல. ஆனாலும் பொறுப்பை வகித்தவர் கணக்குக் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே தெளிவாக இருக்கிறது.

எனவே பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு, ஆண்டறிக்கை என்று வருமிடத்தில் கணக்காய்வு என்று எழுதுங்கள். அரசு அலுவலகப் பெயர்களில் தணிக்கை நின்றுவிட்டதால் அங்கே அப்படியே இருக்கட்டும். வட்டி முடிவுக்கும், உபரிக்கும், இலக்குத் தவறியதற்கும் மைய வங்கியை மக்கள் முன் பதில் சொல்லவைக்கும் இடத்தில் கணக்குக் கேட்டல். அமெரிக்க முழக்கத்தையும் 'ஃபெடரல் ரிசர்விடம் கணக்குக் கேள்' என்று எழுதினால் பொருள் நேராக விழும். அதற்கான மசோதா 2012இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது; 2016 ஜனவரியில் செனட்டில் தேவையான 60 வாக்கு கிடைக்காமல், 53 வாக்கோடு நின்றுபோனது.