சாக்கடைக்கு ஐயாயிரம் ரூபாய்: ஒரு நகராட்சி எப்படிப் பணம் புரட்டுகிறது?

1990-களின் நடுவில் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் தனி நகராட்சி. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வசித்த அந்த ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டி எது, தெருவோரச் சாக்கடை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாதாளச் சாக்கடை வேண்டும் என்பதில் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1997-ல் வீடு வீடாகக் கேட்டபோது மிகப் பெரும்பாலானவர்கள் இணைப்பு வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

பேச்சு சூடானது பணத்தில். திட்டத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 34 கோடி ரூபாய். அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர். எஸ். பாரதியும் மன்றமும் மக்கள் முன் வைத்த யோசனை இதுதான்: ஒவ்வொரு வீடும் 5,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும், கடைகளும் நிறுவனங்களும் 10,000. இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம். அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. அதிலும் ஒரு அடி குழாய்கூடப் பதிக்காத நிலையில் கேட்கிறார்கள்.

"சொத்து வரிதான் ஒழுங்காகக் கட்டுகிறோமே, அப்புறம் இது எதற்கு?" இந்தக் கேள்வி எந்த ஊரில் எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் வரும். நியாயமான கேள்விதான். பதில் நகராட்சியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம். ஒன்று வருவாய்க் கணக்கு: சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, மாநில அரசு பகிர்ந்து தரும் நிதி எல்லாம் இதில் வரும், சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை அள்ளும் செலவு எல்லாம் இதிலிருந்து போகும். இன்னொன்று மூலதனக் கணக்கு: ஒரு தடவை செலவழித்துப் பல ஆண்டு பயன் எடுக்கும் வேலைகள். பாலம், குடிநீர்த் தொட்டி, பேருந்து நிலையம், பாதாளச் சாக்கடை. பெரும்பாலான ஊர்களில் முதல் பக்கத்து வரவு அந்தப் பக்கத்துச் செலவுக்கே சரியாகப் போய்விடும். மிச்சம் பிடித்துத்தான் சாக்கடை கட்டுவேன் என்றால் இருபது வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் செலவும் ஏறிவிடும்.

ஆகவே கடன். கடன் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் மூலதன வேலைக்குக் கடன் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாதாளச் சாக்கடைக் குழாயைப் பொறியாளர்கள் வழக்கமாக முப்பது ஆண்டு கழித்து இருக்கப்போகும் மக்கள்தொகையைக் கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள். அதாவது இன்று பதிக்கும் குழாயில் ஒரு பங்கு, இன்னும் அந்த ஊருக்குக் குடிவராதவர்களுக்காக. முழுச் செலவையும் இன்று இருப்பவர்களிடமே வசூலித்தால், வயதான ஒருவர் தன் சேமிப்பிலிருந்து பின்னால் வரும் அடுக்குமாடிக்காரருக்குச் சாக்கடை கட்டிக்கொடுத்ததுபோல் ஆகும். கடன் வாங்கித் தவணையில் அடைத்தால், பயன்படுத்துகிறவர் அந்தந்த ஆண்டுக்குரிய பங்கைக் கொடுத்துவிடுகிறார்.

சரி, தவணை எவ்வளவு வரும்? கணக்கை எளிதாக்க ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொள்வோம். 20,000 வீடுகள். 10 கோடி ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 15 ஆண்டில் சம தவணை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் கட்ட வேண்டும். 15 ஆண்டு முடிவில் மொத்தம் 22 கோடி. வட்டி 8 சதவீதமாக இருந்தால் மொத்தம் பதினேழரைக் கோடியோடு முடிந்துவிடும். நாலு சதவீத வித்தியாசத்தில் நாலரைக் கோடி. வட்டி விகிதத்துக்காக நகராட்சிகள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன என்பது இதில் புரியும்.

அந்த 1.47 கோடியை 20,000 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 61 ரூபாய். வீட்டுக்கு 5,000 வீதம் டெபாசிட் வாங்கினால் அதே 10 கோடி கையில் வந்துவிடும், கடனே வேண்டாம். ஆக டெபாசிட் என்பது தனியாக ஒரு வரி இல்லை. 15 ஆண்டு மாதம் 61 ரூபாய் கட்டுவதா, இப்போதே 5,000 கட்டுவதா என்ற தேர்வுதான். கையில் பணம் இருப்பவருக்கு இரண்டாவது லாபம். அன்றாடக் கூலிக்கு முதலாவதுதான் முடியும். எனவே எல்லாரிடமும் ஒரே தொகையை முன்பணமாகக் கேட்கும் திட்டத்தில் ஏழை வீடுகளுக்கு என்ன வழி என்று ஒரு கவுன்சிலர் கேட்டால், அவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 20,000 வீட்டில் 8,000 வீடுகள் மட்டும் இணைப்பு வாங்கினால்? குழாய் எல்லாத் தெருவிலும் பதித்தாயிற்று, கடன் அதேதான். வீட்டுக்கு மாதம் 61 ரூபாய் என்பது 153 ஆகிவிடும். பம்பிங் ஸ்டேஷன் மின்சாரமும் ஆள் சம்பளமும் தனி. கட்டணம் ஏறினால் இன்னும் சிலர் "எனக்கு செப்டிக் டேங்கே போதும்" என்பார்கள். மறுபடி ஏறும்.

குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கும் இதே சிக்கல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பாதாளச் சாக்கடை பெரும்பாலும் சரிவில் தானாக ஓடுகிறது. அதில் வருவது வெறும் தண்ணீர் இல்லை. மண், எண்ணெய்ப் பிசுக்கு, மலம் எல்லாம் சேர்ந்தது. நாளில் ஒரு முறையாவது வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் நீர் ஓடினால்தான் அடியில் படிந்த மணலைத் தள்ளிக்கொண்டு போகும். பொறியாளர்கள் இதைச் சுயசுத்த வேகம் என்பார்கள். முப்பது ஆண்டுக்குப் பிந்தைய கூட்டத்துக்காகப் போட்ட பெரிய குழாயில் சில நூறு வீடுகளின் தண்ணீர் மட்டும் வந்தால், அது அடியில் கோடுபோல் நெளிந்து ஓடும். கழிவு படியும், அழுகும். காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளர்களின் உயிரைப் பறிப்பவற்றில் முக்கியமான வாயு இதுதான். அது மேலே எழும்பிக் குழாயின் கூரையில் உள்ள ஈரத்தில் வேறு வகை நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டையே அரித்துவிடும். பாதிப் பேர் இணைந்த சாக்கடை கடனையும் அடைக்காது, தன்னையும் கழுவிக்கொள்ளாது.

எல்லாரும் சேர்ந்தால் எல்லாருக்கும் லாபம், பாதிப் பேர் சேர்ந்தால் சேர்ந்தவர்களுக்கு நஷ்டம். இப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைத்தான் பார்ப்பார்கள். கிராமத்துக் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவதை நினைத்துப் பாருங்கள். யார் யார் கொடுத்தார்கள் என்று பட்டியல் வெளிப்படையாக இருக்கும், பணம் யார் கையில் என்பதும் ஊருக்கே தெரியும். அதனால்தான் வசூல் ஆகிறது. பொருளாதார வல்லுநர்கள் இதை உறுதியளிப்புச் சிக்கல் என்று எழுதுகிறார்கள். கொடுக்க மனமில்லாமல் யாரும் பின்வாங்குவதில்லை. மற்றவர் கொடுப்பாரா, கொடுத்த பணம் சொன்ன வேலைக்குப் போகுமா என்ற இரண்டு சந்தேகம்தான் ஆளை நிறுத்துகிறது.

ஆலந்தூர் இந்த இரண்டையும் நேராகத் தொட்டது. குடியிருப்போர் நலச் சங்கங்களோடு கூட்டம் மேல் கூட்டம். தெருத் தெருவாகப் பிரச்சாரம். வசூலான டெபாசிட் நகராட்சியின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் போனது. இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. பொதுக் கணக்கில் போட்டிருந்தால் ஏதோ ஒரு மாதம் சம்பளப் பாக்கிக்கு அதிலிருந்து எடுத்திருப்பார்கள். கெட்ட எண்ணம்கூட வேண்டியதில்லை, நெருக்கடி போதும். வேலை தொடங்குவதற்கு முன்பே கோடிக்கணக்கில் டெபாசிட் சேர்ந்தது. அதைப் பார்த்த பிறகு கடன் கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வந்தது: மாநில அரசின் நகர்ப்புற நிதி நிறுவனமான டுஃபிட்கோவும் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் கடனும் மானியமும் தந்தன. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனமே தன் பணத்தில் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, சுத்திகரித்த அளவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பிறகு ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். 2000-ல் வேலை தொடங்கியது, 2003-ல் நிலையம் ஓடத் தொடங்கியது. நடுவில் 2001-ல் மாநிலத்தில் ஆட்சி மாறியும் திட்டம் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் இது சாதாரண விஷயமா என்ன?

முதலீட்டாளர்களிடம் நேரடியாகக் கடன் வாங்க ஒரு நகரம் கடன் பத்திரமும் வெளியிடலாம். அதை வாங்கும் முதலீட்டாளருக்கும் ஆலந்தூர்க்காரரின் அதே சந்தேகம்தான் உண்டு. 1998-ல் அகமதாபாத் மாநகராட்சி, மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம். நகர எல்லையில் சரக்கு வண்டிகளிடம் வசூலித்த ஆக்ட்ராய் வரியில் ஒரு பகுதி, மாநகராட்சியின் கைக்கு வருவதற்கு முன்பே எஸ்க்ரோ கணக்கு என்ற பூட்டிய கணக்குக்குப் போய்விடும். பத்திரக்காரருக்குரியதை எடுத்து வைத்த பிறகுதான் மிச்சம் மாநகராட்சிக்கு.

சின்ன ஊர்கள் இதைத் தனியாகச் செய்ய முடியாது. பத்திரம் வெளியிடும் செலவே தாங்காது. 2002-03-ல் தமிழ்நாடு அதற்கும் ஒரு வழி கண்டது. பத்துக்கும் மேற்பட்ட சிறு நகரங்களின் குடிநீர், சுகாதாரத் திட்டங்களை ஒரே கூடையில் போட்டு, 15 ஆண்டுக்கு 9.2 சதவீத வட்டியில் 30.41 கோடி ரூபாய் திரட்டினார்கள். ஒரு ஊர் தவணை தவறினால் அதற்கு வரவேண்டிய மாநிலப் பகிர்வு நிதியிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான யூஎஸ்எய்டு உத்தரவாதம் தந்தது.

இப்போது பத்திரம் மறுபடி மவுசாகியிருக்கிறது. புனே, ஹைதராபாத், லக்னோ, 2025-ல் சென்னை. கவனித்தால் பல நகரங்கள் சரியாக 200 கோடி என்ற தொகையில் வந்து நிற்கும். காரணம் சுவாரசியமானது: 100 கோடி திரட்டினால் மத்திய அரசு 13 கோடி ஊக்கத்தொகை தரும், உச்சவரம்பு 200 கோடிக்கு 26 கோடி. நகரத்தின் தேவை எவ்வளவு என்பதைவிட மானிய விதி எங்கே முடிகிறது என்பதே தொகையைத் தீர்மானிக்கிறதோ என்று தோன்றும்.

எந்தக் கடனானாலும் கடைசியில் அடைப்பது வரியும் கட்டணமும்தான். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி, வீட்டின் பரப்பையும் ஊரையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். பல ஆண்டுகள் தொடாமல் விட்டுவிட்டு ஒரேயடியாக ஏற்றினால் அப்படித்தான் ஆகும். ஆண்டுதோறும் சிறிதாக ஏற்றினால் இவ்வளவு வலிக்காது. ஆனால் ஆண்டுதோறும் திட்டு வாங்க எந்த மன்றத்துக்கு ஆசை?

மன்றக் கூட்டங்களில் புதுத் திட்டத்துக்குத்தான் நேரம் எல்லாம் போகும். எந்த வார்டில் முதலில், எந்த ஒப்பந்ததாரர், கல்வெட்டில் யார் பெயர். பராமரிப்புச் செலவு கடைசியில் ஒரே வாசிப்பில் நிறைவேறும். மானியம் குழாய் பதிக்க வரும். அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் இயந்திரத்துக்கு டீசல் போட வராது. ஆலந்தூரில் எல்லாரும் 5,000 ரூபாய் டெபாசிட்டைப் பற்றித்தான் பேசினார்கள், ஆனால் பிறகு சாக்கடையை ஓடவைத்தது மாதக் கட்டணம். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. உங்கள் வார்டில் மக்கள் கருத்துக் கேட்கும் பகுதி சபை கூடும்போது புதுத் திட்டம் ஏதாவது அறிவித்தால், மொத்தச் செலவை விட்டுவிட்டு, கட்டி முடித்த பிறகு ஆண்டுக்கு என்ன ஆகும், அது எந்தக் கணக்கிலிருந்து போகும் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் அந்தத் திட்டத்தை யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.